பின் சீட்டின் எடை

டீயில் ஆடை மிதந்தால் எனக்குப் பிடிக்காது. காலையில் இந்த ஸ்டேஷனில் எனக்குக் கொடுத்த டீயைத் தொடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் அது மட்டும்தான். ஏட்டையா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, பெரிய வூட்டுப் பிள்ளையோ என்று கிண்டல் செய்தார். கோபமோ திமிரோ இல்லை, ஐயா. அந்த ஆடை உதட்டில் வந்து ஒட்டினால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதும் அதனால்தான். ஏட்டையா தாளைப் புரட்டும்போதெல்லாம் விரலை நாக்கில் தொட்டுக்கொள்கிறார். வரிக்கு ஓர் அடித்தல், அடித்தலுக்கு மேல் ஒரு மைத்தீற்றல். நான் சொல்லப்போவது அந்த எச்சிலோடு கோர்ட்டுக்குப் போக வேண்டாம் என்று நினைத்தேன். எட்டாவது வரை படித்தவன். என் எழுத்து சுத்தமாக இருக்கும், நீங்களே பார்க்கிறீர்கள்.

என் பெயர் மாரப்பன். வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டில் இருக்கும் கவுஸ் பாஷா பாயின் ஒர்க்‌ஷாப்பில் பதினேழு வருஷமாகக் கமான் பட்டை வேலை பார்க்கிறேன். காரின் பின்பக்கத்தைத் தாங்கி நிற்கும் வளைந்த இரும்புப் பட்டைகளைத்தான் அப்படிச் சொல்வோம். அந்தப் பட்டை, அதன் மேல் உட்காரும் பின் அச்சு, எஞ்சினிலிருந்து அச்சுக்கு வரும் நீள ஷாஃப்ட், இந்த மூன்றும் என் பொறுப்பு. மற்ற வேலைகளை ஜமீர் பார்ப்பான்.

ஜமீரை நீங்கள் திங்கட்கிழமையிலிருந்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் மனைவி ஷகிலா நிறைமாதம். மூன்று நாளாக வெளியே வேப்பமரத்தடியில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருக்கிறாள். இன்று நான் உள்ளே வரும்போது, "அண்ணா, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்கண்ணா, அவருக்கு ஒண்ணுந் தெரியாது" என்றாள். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அவள் மேல் இரக்கப்பட்டு வந்தேன் என்று எழுதினால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் உண்மை அதில்லை. நொறுங்கிய காரைச் சோதித்த மோட்டார் இன்ஸ்பெக்டர் தன் ரிப்போர்ட்டில் 'கவனக்குறைவான வேலை' என்று எழுதியிருப்பதாக நேற்று பாய் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தேன். அந்தக் காரில் கவனக்குறைவாக எதுவும் செய்யப்படவில்லை, ஐயா.

மாதுவை உங்களுக்குத் தெரியும். பாப்பிரெட்டிப்பட்டியில் புளி மண்டி வைத்திருப்பவர். இப்போது இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர் தன் வெள்ளை அம்பாசடரை எங்களிடம் கொண்டுவந்தது ஜூன் மாதக் கடைசியில், ஒரு புதன்கிழமை. பெங்களூரில் யாரோ ஒருவருடைய கார் தரையோடு தரையாகப் போவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தன் காரும் அப்படி மூன்று அங்குலம் இறங்க வேண்டும் என்றார். பாயும் சரி என்றார்.

நம் ஊர் ரோட்டில் அம்பாசடரை இறக்கி ஓட்டுவது என்பதே எனக்கு அருவருப்பான யோசனை. நின்று நடக்க வேண்டிய மாட்டை முட்டி போட்டு நடக்கச் சொல்வது மாதிரி. ஆனால் செய்ய முடியாத வேலை இல்லை. கதவைத் திறந்தேன். புளித்த வாடை. கைபிரேக் பிடியில் புளிக்கோது ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று இருந்தது. முன் சீட்டுக்கு அடியில் பாதி கடித்த போண்டா ஒன்று, எப்போதையதோ, எறும்பு மொய்த்துக் கிடந்தது. பின் சீட்டுக்கு மட்டும் புது வெள்ளை ரெக்சின் உறை. மேலே சுற்றிய பாலிதீன் தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. தான் உட்காரும் இடத்தைப் பன்றித் தொழுவமாக வைத்துக்கொண்டு, யாரும் உட்காராத இடத்தைக் கோயில் மாதிரி வைத்திருந்தார்.

காருக்கு அடியில் நின்று வேலை செய்ய எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு குழி உண்டு. நான் குழிக்குள் நின்று போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாது மேலே நின்று வெற்றிலை போட்டபடி பாயிடம் பெங்களூர்க் கதை பேசிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாகக் குழிக்குள் துப்பினார். என் முழங்கையில் விழுந்தது. சூடாக இருந்தது. சிவப்பாக இருந்ததைக்கூட மறந்துவிடலாம், சூடாக இருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. மேலே ஏறிவந்து கையை நீட்டிக் காட்டினேன்.

"கழுவுனா போயிடும்ப்பா" என்றார்.

ஏழு தடவை கழுவினேன். ஒரு மனிதனை வெறுக்க இது போதும் என்று நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். காரணம் என்று ஓர் இடம் உங்கள் தாளில் இருந்தால் அங்கே இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது புரியாவிட்டால் நான் செய்தது புரியாது. எஞ்சினின் சுற்றை நீள ஷாஃப்ட் பின் அச்சுக்குக் கொண்டுபோகிறது. அங்கே அதை வாங்கிக்கொள்ளும் பல்சக்கரத்துக்குப் பினியன் என்று பெயர். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸ் என்று ஓர் இணைப்பு இருக்கும். நம் மணிக்கட்டு மாதிரி அது மடங்கிக் கொடுக்கும். முன் முனையில் எத்தனை டிகிரி மடங்குகிறதோ அத்தனை டிகிரிதான் பின் முனையிலும் மடங்க வேண்டும். அப்படி இருந்தால் ஒன்றின் உதறலை மற்றது சரிக்கட்டிவிடும், காருக்குள் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. காரை இறக்கினால் இந்தக் கணக்கு மாறிவிடும். அதனால் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்பில் ஓர் ஆப்பைச் சொருகி, பினியனின் மூக்கைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ திருப்பி வைப்போம். ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதில்தான் சூட்சுமம் எல்லாம்.

ஆப்பை நான்தான் வெட்டுவேன், பழைய லாரிப் பட்டையிலிருந்து. அளக்க என்னிடம் பெரிய கருவி எதுவும் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் வரும் கோணமானி, அதன் நடுவில் கட்டிய நூல், நூல் நுனியில் தொங்கும் ஒரு நட். அவ்வளவுதான். அரை டிகிரி பிசகினாலும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

காலி வண்டியில் இருக்கும் கோணம், பின் சீட்டில் ஆள் ஏறி உட்கார்ந்ததும் இருக்காது. பட்டை அமுங்கும், அச்சு திரும்பும். அதனால் கவுஸ் பாய் எங்களுக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார். வண்டியை அளக்காதீர்கள், ஏறப்போகும் ஆளை அளங்கள் என்பார். ஓர் ஆள் எடைக்கு ஒன்று என்று மூன்று மணல் மூட்டைகள் சுவரோரம் எப்போதும் இருக்கும். அவற்றைப் பின் சீட்டில் ஏற்றி அளந்த பிறகுதான் ஆப்பு வெட்ட வேண்டும். தர்மபுரியில் வேறு எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நட்டைக் கடைசியாக முறுக்கியவன் அதன் மேல் தன் பெயிண்டால் ஒரு கோடு போட வேண்டும். கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஜமீருக்குப் பச்சை, எனக்கு வெள்ளை. நொறுங்கிய காரில் நீங்கள் பார்த்துவிட்டு அவனைப் பிடித்து வந்தீர்களே, அந்தப் பச்சைக் கோடு அதுதான். அவன் நட்டை ஒழுங்காக முறுக்கினான். ஒன்றுகூடத் தளரவில்லை, போய்ப் பாருங்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. மாது ஜவுளி எடுக்கக் குடும்பத்தோடு தர்மபுரிக்கு வந்தவர், கார் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க எங்களிடம் வந்தார். கூடவே மனைவி தீர்த்தம்மாள், மாமியார் செல்லம்மாள், ஏழு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை. குழந்தையின் பெயர் எனக்குத் தெரியாது. இப்போது பேப்பரில் வந்திருக்கும். நான் படிக்கவில்லை.

நான் குழிக்குள் இருந்தேன். குழந்தை விளிம்பில் வந்து குந்திக்கொண்டு என்னையே பார்த்தது. வாயில் சப்பிக்கொண்டிருந்த மிட்டாயை எடுத்து, வேணுமா என்று நீட்டியது. எச்சில் நூலாக இறங்கி என் ஸ்பேனர் மேல் விழுந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன். நான் குழந்தைகளை அதட்டுகிறவன் இல்லை. ஸ்பேனரை மட்டும் துடைத்தேன்.

தீர்த்தம்மாள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஏங்க, சீக்கிரம் வாங்க. நாத்தம் கொடலப் பொரட்டுது" என்றார். ஒர்க்‌ஷாப் என்றால் கிரீஸும் மண்ணெண்ணெயும் நாறத்தான் செய்யும். அந்த அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

மாமியார் ஒரு சாஸ்திரம் சொன்னார். ஆனி மாதத்தில் கழற்றி மாட்டிய வண்டியில் ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் பெண்டு பிள்ளைகள் ஏறக் கூடாதாம். பதினெட்டு அன்றைக்கு ஒகேனக்கலுக்கு, காவிரியில் தலை முழுகத்தான் முதலில் ஏற வேண்டுமாம். மாது சிரித்துக்கொண்டே, அதுவரைக்கும் நான் ஒருத்தன்தான் ஓட்டப்போறேன் என்று ஒத்துக்கொண்டார். நான் குழிக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. குழியில் நிற்பவன் காதில் எல்லாம் விழும்.

இங்கே ஒரு பழைய சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். பாப்பிரெட்டிப்பட்டியில் விசாரித்தால் எப்படியும் உங்கள் காதுக்கு வரும். வந்தால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவீர்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் எனக்குப் பெண் பார்க்கப் போன வீடு செல்லம்மாள் வீடு. பெண் தீர்த்தம்மாள். அன்று காலையில் கையை மண்ணெண்ணெயில் தேய்த்து, மரத்தூளில் தேய்த்து, சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். நகக் கண்ணில் இருந்த கறுப்பை ஊசியால் எடுத்தேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். காப்பியைத் தீர்த்தம்மாள்தான் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரை வாங்கும்போது விரல் பட்டது. அவர் உள்ளே போய் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டதைக் கதவிடுக்கில் பார்த்தேன். பிறகு பேச்சுக் குரல் கேட்டது.

"கை நாறுதும்மா. மண்ணெண்ண நாத்தம். அந்தக் கையோட ஒரே வூட்ல எப்படிம்மா இருக்கறது?"

செல்லம்மாள் சிரித்தார். மெதுவாகத்தான் சிரித்தார். நாங்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம். பிடிக்காத மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை ஒரு பெண்ணுக்கு உண்டு. நான் அதை எப்போதோ மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் பெண் பார்க்கப் போகவில்லை என்பது வேறு விஷயம், அது என் சொந்த விருப்பம். அன்று ஒர்க்‌ஷாப்பிலும் அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. குழியில் நிற்பவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

அன்று அவர்கள் கிளம்பும் முன் ஜமீர் வழக்கம்போல மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மாது அவனைத் தடுத்தார். பொம்பளைங்க உக்கார்ற சீட்டு, மூட்டைய ஏத்தி நாசம் பண்ணாதே என்றார். ஜமீர் என்னைப் பார்த்தான். கவுஸ் பாயின் சட்டம் பெரிதா, காரின் சொந்தக்காரர் பேச்சு பெரிதா என்று கேட்பது மாதிரி இருந்தது அவன் பார்வை. அவர் சொன்னபடியே செய்துவிடலாம் என்று நான் சொன்னேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை நான் காலி வண்டியை அளந்துதான் ஆப்பை வைத்தேன். முன்னால் மூன்று டிகிரி, பின்னால் மூன்று டிகிரி. ஜமீர் நட்டை முறுக்கிப் பச்சைக் கோடு போட்டு, தொப்பூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். கண்ணாடி மாதிரி போகிறது என்றான். மாது ஓட்டிப் பார்த்தார். அவருக்கும் திருப்தி. மோட்டார் இன்ஸ்பெக்டர் எழுதியது இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. மூட்டை ஏற்றாமல் அளந்த மடையர்கள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். மூட்டை வேண்டாம் என்று சொன்ன மாதுவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

முப்பத்தேழு நாள் மாது அந்தக் காரைத் தனியாக ஓட்டினார். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தர்மபுரிக்கு, சேலத்துக்கு, ஒரு தடவை பெங்களூருக்குக்கூட. ஒருநாள் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தி, வெண்ணெ மாதிரி போவுது மாரப்பா என்று சொல்லிவிட்டு, எங்கள் வாசலிலேயே துப்பிவிட்டுப் போனார். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அந்தக் கறை சிமெண்டில் இன்னும் இருக்கிறது.

பிறகு ஆடிப் பதினெட்டு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஒகேனக்கல் ரோட்டில் வண்டி நிறையப் போகும் என்பதால் பாய் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து வைத்திருப்பார். ஒன்பது மணி இருக்கும். வெள்ளை அம்பாசடர் எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்பக்கம் நன்றாக இறங்கியிருந்தது. பின் சீட்டில் இந்த ஓரம் தீர்த்தம்மாள், அந்த ஓரம் செல்லம்மாள், நடுவில் குழந்தை. டிக்கியில் புளிச்சோற்று அண்டாவும் மற்ற பாத்திரங்களும். டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே விரல்தான் நுழையும்.

மாது இறங்கி வந்தார். "மொரப்பூர் தாண்டுனதுல இருந்து அடியில என்னமோ உதறுதுப்பா. காலுக்கடியில சுர்ருங்குது."

ஜமீர் உடனே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அஞ்சு நிமிஷம் இறங்குங்கள், குழியில் விட்டுப் பார்த்துவிடுகிறேன் என்றான். இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் பார்க்கிறேன் என்றான். பாயும் கேட்டுக்கொண்டிருந்தார், அவரே சாட்சி சொல்வார்.

நான் காரின் பின் ஜன்னல் பக்கம் போனேன். அன்று காலையிலிருந்து நான் எந்த வண்டியையும் தொடவில்லை. கை சுத்தமாக இருந்தது. வண்டி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்காக ஜன்னல் கட்டையில் கையை வைத்துக் குனிந்தேன். குழந்தை என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தது. தீர்த்தம்மாள் என் கையைப் பார்த்தார். முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அதனால்தான் நான் அப்படிச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"பாரம் ஏறுனா கொஞ்சம் அப்படித்தாங்க இருக்கும். ஒண்ணும் ஆவாது. நேரத்தோட போயிட்டு வாங்க."

ஜமீர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பட்டை வேலை என் வேலை, நீ உன் வேலையைப் பார் என்று சொன்னேன். பதினேழு வருஷத்தில் நான் அவனிடம் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கார் புறப்பட்டது. போகும்போது குழந்தை பின் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டியது.

விழுந்து கிடந்த காரை நீங்கள் நேரில் பார்த்தீர்கள். நான் ஊகித்துச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பென்னாகரம் தாண்டியபோது உதறல் சத்தமாக மாறியிருக்கும். மாது பாட்டுச் சத்தத்தைக் கூட்டியிருப்பார். மலை இறக்கத்தில், இரண்டாவது வளைவுக்கும் மூன்றாவது வளைவுக்கும் நடுவே, முன் கிராஸ் விட்டுப்போயிருக்கும். ஷாஃப்டின் முனை ரோட்டில் விழுந்து சுழன்று அடிக்கும்போது முதலில் அறுபடுவது பிரேக் குழாய். அம்பாசடரில் ஒரே குழாய்தான், அது போனால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். கைபிரேக் கம்பியும் அதே வழியில்தான் போகிறது. ஷாஃப்ட் இல்லாததால் கியரும் வண்டியைப் பிடிக்காது. வண்டியை நிறுத்த ஒரு மனிதனிடம் இருக்கும் மூன்று வழியும் ஒரே நிமிஷத்தில் போய்விடும். மாது பக்கத்துக் கதவு திறந்து அவர் புதரில் விழுந்தார். பின் சீட்டில் இருந்த மூன்று பேரும் வண்டியோடு பள்ளத்துக்குள் போனார்கள்.

மத்தியானம் ஒரு லாரி டிரைவர் வந்து சொன்னான். பாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜமீர் அழுதான். மூட்டை ஏத்தியிருக்கணும்ணா, நான் சண்ட போட்டாச்சும் ஏத்தியிருக்கணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மூக்கு ஒழுகுவதைத் துடைக்கக்கூட இல்லை. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் இதோடு முடித்தால் நீங்களும் 'கவனக்குறைவு' என்றுதான் எழுதுவீர்கள், ஜமீருக்குப் பதில் என் பெயரைப் போட்டு. ஆகவே விட்டுவிட்ட இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

மூட்டை ஏற்றி அளந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாயும் ஜமீரும் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். ஒரு மணி நேரம் நான் மட்டும்தான் இருப்பேன். சீட்டில் முதலில் சாக்கு விரித்தேன், அதன் மேல் துணி விரித்தேன், அதற்கு மேல் மூன்று மூட்டைகளையும் ஏற்றினேன். வெள்ளை உறையில் ஒரு பொட்டு அழுக்குப் படவில்லை. பினியன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கோணமானியை வைத்துப் பார்த்தேன். ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும் என்று கோணமானி சொன்னது. நான் முன்னால் வரும்படி வெட்டினேன். காலியாக இருக்கும்போது கணக்கு நேராக நிற்கும்படி மற்றதைச் சரிக்கட்டினேன். ஒருத்தர் ஓட்டினால் பட்டுப்போல் போகும். பின் சீட் நிறைந்தால் ஏழு டிகிரி பிசகும். மூன்று தடவை வெட்டித்தான் அது சரியாக வந்தது. என் வாழ்நாளில் அதைவிட நுணுக்கமாக ஓர் ஆப்பு வெட்டியதில்லை.

அடுத்தது, முன் கிராஸ். அதன் ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள் வரிசையாக நிற்கும். ஒரு மூடியிலிருந்து மூன்று ஊசிகளை எடுத்துவிட்டு, கிரீஸ் வைத்து மூடினேன். கோணம் நேராக இருக்கும்வரை மூன்று ஊசி குறைந்தது யாருக்கும் தெரியாது. அவற்றை நான் தூக்கிப் போடவில்லை. என் வீட்டில், கிணற்றடி மாடத்தில், சோப்பு டப்பாவுக்குள் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். நொறுங்கிய கிராஸைப் பிரித்து எண்ணிப் பார்த்தால் அந்த மூடியில் மூன்று குறையும். ஜமீர் வெளியே போக அது போதும் என்று நினைக்கிறேன். ஷகிலாவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ஆக, குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காரை நான்தான் விழ வைத்தேன். மாதுவின் மேல் இருந்த அருவருப்பினால் செய்தேன். அவர் துப்பிய எச்சிலினால் செய்தேன். இதில் எந்த மாற்றமும் இல்லை.

இதைப் படித்ததும் நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். மாது மேல்தான் கோபம் என்றால், அவர் தனியாக ஓட்டிய முப்பத்தேழு நாளும் ஒன்றும் ஆகாதபடி ஏன் வெட்டினாய் என்று. அதற்கு என்ன பதில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. வேலை அப்படி அமைந்துவிட்டது. மாது பிழைத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி நான் அவ்வளவாக நினைக்கவே இல்லை.

கையெழுத்துப் போடும் முன் கையைக் கழுவிக்கொள்ள விட்டதற்கு நன்றி. ஏட்டையாவிடம் சொல்லிச் சிவப்பு சோப்பு வாங்கித் தந்தீர்கள். நல்ல சோப்பு. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கையை நீட்டுகிறேன், முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாசனை துளிகூட இருக்காது. அன்றைக்கும் இல்லை, ஐயா. நான் மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போனேன்.